கொட்டு வைத்த கை

புதுக்கோட்டையிலிருந்து பொன்னமராவதி போகும் பேருந்தில் போன வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். பச்சைத் தைலம். சிங்கப்பூர்த் தைலம் என்று எங்கள் பக்கம் சொல்வோம். சிங்கப்பூர் பக்கமே போகாதவர்கள் வீட்டிலும் ஒரு பாட்டில் இருக்கும். நெற்றியில் தேய்த்துக்கொண்டவர், "வேணுமா தாயி?" என்று என்னிடமும் நீட்டினார். வேண்டாம் என்று சொல்வதற்குள் என் வலது கை தானாக உச்சந்தலைக்குப் போய்விட்டது. போனதோடு விடாமல் அங்கே வீக்கம் எங்கே எங்கே என்று தடவித் தேடவும் ஆரம்பித்துவிட்டது. "தலவலி இல்லீங்க, பழக்கம்" என்றேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பாட்டிலை மூடிக்கொண்டார்.

என்ன பழக்கம் என்று உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் போய்க்கொண்டிருந்தது என் அத்தையின் கருமாதிக்கு. அப்பாவின் ஒரே தங்கை. அந்த வீட்டு வாசலை நான் மிதித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. என் தலையில் வெள்ளை விழுந்து, அதற்குச் சாயம் பூசி, சாயம் பூசுவதும் அலுத்துப்போகிற அளவுக்குப் பல வருடங்கள். காரணம் ஓர் இங்கிலீஷ் வாக்கியம். சிரிக்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் அந்த வாக்கியத்துக்காக ரத்தம் சிந்தியிருக்கிறது.

பிளஸ் டூவில் எல்லாப் பாடத்திலும் தேறி இங்கிலீஷில் மட்டும் விழுந்தேன். அத்தை மகன் ரெங்கராசு அதே இங்கிலீஷில் எனக்கு முன்பே விழுந்து, எழுந்திருக்கும் உத்தேசமே இல்லாமல் கிடந்தான். எனக்கு அவன் முறை மாப்பிள்ளை. நான் பிறந்ததுமே பேசி வைத்தது. படிக்க வேண்டும் என்று நான் அழுத அழுகையில் அப்பா கொஞ்சம் இளகி, அத்தையிடம் ஒரு வழி சொன்னார். செப்டம்பர் பரீட்சையில் நான் தேறிவிட்டால் புதுக்கோட்டைக்குக் காலேஜ் போகலாம். தேறாவிட்டால் தை மாதம் கல்யாணம். அத்தை சரி என்றார். சொன்னதோடு நிற்காமல் தன் விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றி என் வலது நடுவிரலில் போட்டுவிட்டார். ஊதாக் கல் வைத்த பழைய மோதிரம். கல்லைப் பிடித்திருந்த கொக்கிகள் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். தாவணியில் மாட்டும், தலை சீவினால் முடியைப் பிடுங்கும். அத்தை பாசத்தோடு போட்டதாயிற்றே என்று பொறுத்துக்கொண்டேன்.

அத்தையை எனக்குப் பிடிக்கும். ரெங்கராசுவை எனக்குப் பயம். சொந்தத் தங்கை பஸ் ஸ்டாண்டில் கூடப் படித்த பையனிடம் மணி கேட்டாள் என்று அவன் விட்ட அறையில் அவளுக்கு ஒரு பக்கக் காது போயிற்று. ஊருக்கே தெரியும். எங்கள் வீட்டில் அதற்கு "முன்கோபம்" என்று பெயர். கல்யாணமானால் சரியாகிவிடும் என்பார்கள். எதைக் கொண்டு சரியாக்குவார்கள்? என்னைக் கொண்டுதான்.

ஆக, நான் இங்கிலீஷில் தேற வேண்டும் என்றால் அது மதிப்பெண் விஷயம் இல்லை. என் காது, என் பல், என் முதுகு எல்லாவற்றையும் அந்தப் பரீட்சையில்தான் பணயம் வைத்திருந்தேன்.

பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் உரக்கடையின் மாடியில் டுடோரியல். படிக்கட்டின் இரண்டு பக்கமும் யூரியா மூட்டைகள். பூச்சிமருந்து வாடை மூக்கைத் துளைக்கும். இன்றைக்கும் வயலில் யாராவது மருந்தடித்தால் எனக்கு இங்கிலீஷ் இலக்கணம் ஞாபகம் வரும். அந்த மாடியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரைக் கறிக்கடை சார் என்போம். அவருடைய அண்ணன்மார் சந்தையில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தார்கள். சந்தை நாளில் சாரும் காலையில் அங்கே நின்று வெட்டிக்கொடுத்துவிட்டுக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாடி ஏறுவார். அன்று அடி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கை சூடு ஆறியிருக்காது போல.

நீளமான இங்கிலீஷ் வாக்கியங்களைப் பிரித்துக் காட்டுவதில் அவர் சூரர். அதற்குப் பாடப்புத்தக வாக்கியங்களை அவர் தொடவே மாட்டார். கிளி, பூந்தோட்டம், நேர்மையான அரசன் எதுவும் அவரிடம் வேகாது. எல்லா வாக்கியத்தையும் அவரே செய்வார். எல்லாவற்றிலும் ஒருவன் திருடுவான், ஒருவன் வெட்டுவான், ஒருவன் கிணற்றில் விழுவான். 'வென் தி தீஃப் ஹூ ஸ்டோல் தி கோட் சா தி போலீஸ், ஹி ஜம்ப்டு இன்டு தி வெல்' என்று கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டி உடைய உடைய எழுதுவார். ஆட்டைத் திருடியவன் போலீஸைப் பார்த்ததும் கிணற்றில் குதித்தான். பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பிக் கையை ஓங்குவார், கையில் அரிவாள் இருப்பதாக நினைப்பு.

"ஆட்ட எங்கடா வெட்டணும்? மூட்டுல வெட்டணும். எலும்புல போட்டா செதறிப்போயி கறி பூரா சில்லா இருக்கும். ஹூ, விச், வென், தோ, தட், இதெல்லாந்தான் மூட்டு. அங்க போடு. வெட்டுன பெறகு எந்தத் துண்டு ஒத்தையில நிக்குதோ அதுதான் மெயின் க்ளாஸ். நிக்க முடியாம அடுத்தவன் வேட்டியப் புடிச்சிக்கிட்டுத் தொங்குதுல்ல, அதெல்லாம் சபார்டினேட்டு."

வாக்கியத்தின் துண்டைக் க்ளாஸ் என்று தமிழில் எழுதினால் டீக் கிளாஸ் மாதிரி இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் நான் எத்தனையோ இலக்கணப் புத்தகம் பார்த்துவிட்டேன். இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் சொல்லவில்லை. அவர் சொன்னது சரி, அடித்தது அக்கிரமம். இரண்டையும் ஒரே ஆள் செய்து தொலைத்ததால் அவரை முழுசாகத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் மனசு வரவில்லை.

அடி என்றால் அவர் மட்டும் அடித்ததில்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. உங்கள் பள்ளிக்கூடத்திலும் இருந்திருக்கலாம். வாக்கியத்தை எழுதிவிட்டு வரிசையாக ஒவ்வொருவராக எழுப்புவார். தெரியாதவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். யார் சரியாகச் சொல்கிறாரோ அவர் அதுவரை நிற்கிற அத்தனை பேர் தலையிலும் கொட்டு வைத்துக்கொண்டே போக வேண்டும். ஆண் பெண் பேதமெல்லாம் கிடையாது. நடுவிரலை மடக்கி, முட்டி வெளியே தெரிகிற மாதிரி கையை மூடி, உச்சியில் நறுக்கென்று. மெதுவாக வைத்தால், "இங்கிட்டு வா, எப்படி வக்கிறதுன்னு காட்டுறேன்" என்று கூப்பிட்டு உங்கள் தலையில் செய்து காட்டுவார். அதனால் நாங்கள் ஓர் ஏமாற்று வித்தை பழகி வைத்திருந்தோம். கையைத் தலையில் சும்மா தொட்டுக்கொண்டே நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டொக்' என்று சத்தம் கொடுப்பது. என் சிநேகிதி மல்லிகா இதில் தேர்ந்தவள். அவள் கொட்டினால் மாடி முழுக்கக் கேட்கும், தலையில் ஈ உட்கார்ந்த மாதிரிகூட இருக்காது. அவளுடைய அப்பா சிங்கப்பூரில் இருந்தார். அவர் அனுப்பிய தைலப் பாட்டில் எப்போதும் அவள் பையில் கிடக்கும். சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் வீங்கிய தலைகளெல்லாம் அவள் பெஞ்சைச் சுற்றி நிற்கும். பூச்சிமருந்து வாடையும் தைல வாடையுமாக நாங்கள் பஸ் ஏறினால் கண்டக்டர் ஜன்னலைத் திறந்துவிடச் சொல்வார்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் எனக்குப் பதில் தெரிந்தது. சொன்னேன். சார், "கொட்டிக்கிட்டே வா" என்றார். பெண்கள் வரிசை முடிந்து பையன்கள் பக்கம் போனால் கடைசியில் ரெங்கராசு நிற்கிறான், அவனையும் அத்தை அங்கேதான் சேர்த்துவிட்டிருந்தார். தொட்டும் தொடாமல், நாக்கால் ஒரு 'டொக்'. அவ்வளவுதான். பின்னாலிருந்து எவனோ, "பொண்டாட்டி கையால மொதக் கொட்டுடா!" என்று கத்தினான். மாடியே சிரித்தது. சாரும் சிரித்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், நின்றிருந்த பஸ்ஸுக்குப் பின்னால் ரெங்கராசு என் மணிக்கட்டைப் பிடித்து முதுகுப் பக்கம் முறுக்கினான். வளையல்கள் உடைந்து சதையில் ஏறின.

"இனிமே அங்க வாயத் தொறந்த, ஒனக்குப் பல்லு இருக்காது."

"மச்சான், விடுங்க. வலிக்குது."

"வலிக்கட்டும்னுதான் புடிச்சிருக்கேன்."

வீட்டில் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் என்று இடம் வேறு குறிப்பிட்டேன். பொய் சொல்லும்போது எனக்கு விவரம் கூடிவிடும்.

அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. சார் எழுதி முடிப்பதற்குள் மனசுக்குள் மூட்டு மூட்டாக வெட்டிப்போட்டிருப்பேன். இது நிற்கும், இது தொங்கும், இது எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது எல்லாம் தெரியும். எழுப்பினால் கல்லாக நிற்பேன். எனக்குப் பின்னால் எவனாவது அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்து என் தலையில் முட்டியை இறக்குவான். பதில் தெரிந்துகொண்டே கொட்டு வாங்குவது இருக்கிறதே, அந்த எரிச்சலுக்கு எந்தத் தைலமும் கிடையாது. ஒவ்வொரு கொட்டுக்கும் நான் மனசுக்குள் ரெங்கராசுவைக் கொன்றேன். கிணற்றில் தள்ளினேன், சாருடைய அண்ணன்மார் கடையில் தொங்கவிட்டேன். என் கற்பனை முழுவதும் சாருடைய வாக்கியங்களிலிருந்து எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்க்க உட்கார வைத்த அம்மா, "என்னடி இது, தல பூரா பாவக்கா மாதிரி இருக்கு?" என்று அலறினாள். அப்பா டுடோரியலுக்குப் போய் சாரைக் கேட்டார். சார் ஒளிவு மறைவில்லாதவர். "ஒங்க பொண்ணு தேறாதுங்க. வாயத் தொறக்கவே மாட்டேங்குது" என்றார். செய்தி அத்தை வீட்டுக்குப் போயிற்று. தேறாத பெண்ணுக்கு எதற்குப் பரீட்சை, தை வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று மாமாவும் ரெங்கராசுவும் ஆவணியிலேயே முகூர்த்தம் பார்த்துவிட்டார்கள். பரீட்சைக்கு முன்னால். பல்லைக் காப்பாற்ற வாயை மூடினேன். அதனாலேயே மொத்த ஆளும் போகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

ஆடிக் கடைசியில் ஒரு நாள் அப்பா குடையும் கையுமாக மாடி ஏறி வந்து வாசலில் நின்றார். என்னை டுடோரியலிலிருந்து நிறுத்திக் கூட்டிப்போக வந்திருக்கிறார்.

"கெளம்பு ஆத்தா, போதும்" என்றார்.

சாருக்கு என்ன தோன்றியதோ, தான் சொன்னது பொய் இல்லை என்று காட்ட நினைத்தாரோ என்னவோ, "இருங்க, நீங்களே கண்ணால பாத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு ஒரு வாக்கியம் எழுதினார். கரும்பலகையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் வந்து மடங்கி இறங்கியது. 'தோ தி ஃபார்மர் நியூ தட் தி புல் விச் ஹிஸ் பிரதர் ஹேட் சோல்டு ஹிம் வாஸ் மேட், ஹி டைடு இட் நியர் தி ஹவுஸ் வேர் ஹிஸ் சில்ட்ரன் ஸ்லெப்ட்.'

வரிசையாக எழுப்பினார். வரிசையாக நின்றார்கள். மல்லிகா நின்றாள். பையன்கள் பக்கம் ரெங்கராசு சுவரில் சாய்ந்துகொண்டு நின்றான். கல்யாண மாப்பிள்ளை அல்லவா, முகத்தில் ஒரு மினுமினுப்பு. கடைசியாக என்னை எழுப்பினார்.

பல் போனால் போகட்டும் என்று தோன்றியது. பயம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கோபம்தான் எழும்பி வந்தது. முதலில் தமிழில் பொருள் சொல்ல வேண்டும் என்பது சாருடைய விதி. சொன்னேன். அண்ணன் தன் தலையில் கட்டிய காளைக்கு வெறி பிடித்திருக்கிறது என்று தெரிந்தும், பிள்ளைகள் தூங்குகிற வீட்டுக்குப் பக்கத்தில் அந்த விவசாயி அதைக் கட்டினான். பிறகு சுண்ணாம்புக்கட்டியை வாங்கி ஒவ்வொரு மூட்டிலும் கோடு போட்டேன். கட்டினான் என்பது ஒத்தையில் நிற்கும். மற்றதெல்லாம் தொங்கும். எது எதைப் பிடித்துத் தொங்குகிறது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

வாசலிலிருந்து அப்பாதான் கேட்டார். "ஏங்க சார், வெறின்னு தெரிஞ்சுக்கிட்டே ஏன் கட்டுனானாம்?"

"அது கேள்வியில இல்லீங்க" என்றார் சார். என் பக்கம் திரும்பினார். வாய் கொஞ்சம் பிளந்திருந்தது. ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே. "கொட்டிக்கிட்டே வா" என்றார்.

பெண்கள் தலையில் நாக்குச் சத்தம். மல்லிகா கண்ணடித்தாள். பையன்கள் தலையில் கொஞ்சம் நிஜம், நெடுநாள் பாக்கி. ரெங்கராசு முன்னால் வந்து நின்றேன். "மெதுவா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். என்னைவிட உயரம். எக்கி நின்று, மடக்கிய விரலை முடிந்த மட்டும் ஓங்கி இறக்கினேன்.

அத்தை மோதிரத்தின் கொக்கிகளை நான் மறந்துவிட்டேன் என்று பிற்பாடு எல்லாரிடமும் சொன்னேன். உங்களிடம் சொல்கிறேன், மறக்கவில்லை. தொட்டதையெல்லாம் கிழிக்கிற மோதிரத்தை யாரால் மறக்க முடியும்? அந்தக் கொட்டு எனக்கு இனித்தது. இன்றைக்கும் இனிக்கிறது.

ரத்தம் அவன் நெற்றியில் இறங்கிப் புருவத்தில் தேங்கியது. தொட்டுப் பார்த்தான். விரலைப் பார்த்தான். அடுத்த நொடி என் ஜடை அவன் கையில் சுற்றியிருந்தது. இழுத்துக்கொண்டு போய் என் முகத்தைக் கரும்பலகையில் மோதினான். ஒருமுறை இல்லை. மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தில் நான் போட்ட கோடுகள் கலைந்தன. கன்னத்தில் சுண்ணாம்பு எழுத்து ஒட்டிக்கொண்டதாக மல்லிகா பிறகு சொன்னாள்.

என் அப்பா சாதுவான மனிதர். என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. அவர் குடையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சுகளைத் தாண்டி ஓடி வந்து ரெங்கராசுவின் முதுகில் அறைந்தார். குடை உடைந்தது. அவன் என்னை விட்டுவிட்டு அப்பாவின் இடது கையைப் பிடித்தான். தாய்மாமன் கை. அதன் சுண்டு விரலைப் பின்பக்கம் மடக்கினான். விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். சார் பிரம்போடு உள்ளே புகுந்து யார் எவர் என்று பார்க்காமல் விளாசினார். அவனுக்கும் அடி, எனக்கும் அடி, உட்கார்ந்திருந்த அப்பாவுக்கும் அடி. கத்திக்கொண்டு மட்டும் நின்ற மல்லிகாவுக்கும் ஒன்று விழுந்தது. அவ்வளவுதான், மல்லிகா பையிலிருந்து தைலப் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து மொத்தத்தையும் ரெங்கராசுவின் கண்ணில் ஊற்றினாள்.

அப்படி ஓர் அலறலை நான் கேட்டதில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடியவன் படிக்கட்டைத் தவறவிட்டு உருண்டு யூரியா மூட்டைகள் மேல் போய் விழுந்தான். மூட்டை வெடித்துப் படி முழுக்க வெள்ளை. உரக்கடைக்காரர் மட்டும் கீழே நின்று, "யாருங்க இதுக்குப் பொறுப்பு? யாருங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் மாமாவின் பங்காளிகள் கம்போடு வந்து எங்கள் வீட்டு ஓடுகளை உடைத்தார்கள். வைக்கோல் போருக்குத் தீ வைத்தார்கள். எங்கள் சித்தப்பா அவர்களில் ஒருவனின் மண்டையை உடைத்தார். அவர் மண்டையும் உடைந்தது. ஆவணி முகூர்த்தம் அதோடு சரி. இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தும் அதோடு சரி. அப்பா மோதிரத்தை என் விரலிலிருந்து வாங்கி, பொதுவான ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். மறுநாளே அது திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் அத்தை சொன்னதை அப்படியே ஒப்பித்தார்: "அது எங்கண்ணன் மகளுக்குப் போட்டது. மருமகளுக்குப் போட்டதில்ல. கழட்டக் கூடாதுன்னு சொல்லுங்க." அப்பா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

பரீட்சை எழுதினேன். தேறினேன். அத்தனை ரத்தத்துக்கும் வினாத்தாளில் வந்தது ஒரு நோஞ்சான் வாக்கியம். ஒரே வெட்டில் இரண்டு துண்டாகிவிட்டது. எனக்குக் கோபமாகக்கூட வந்தது. பிறகு காலேஜ், வேலை, கல்யாணம், திருவரங்குளத்தில் வீடு. இப்போது நானே இங்கிலீஷ் டீச்சர். யாரையும் நான் அடித்ததில்லை. கை அரித்ததில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன். வாக்கியத்தைப் பிரிக்கச் சொல்லும் கேள்வியே இப்போது வருவதில்லை. ஒரு நாள் ஆசைக்காகச் சாருடைய காளை வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினேன். ஒரு பெண், "மிஸ், போன்ல படம் புடிச்சாப் பிரிச்சுக் குடுத்துரும் மிஸ்" என்றாள். மறுநாள் பிரித்து எடுத்துக்கொண்டும் வந்துவிட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஏன் கட்டினான் என்று அவள் கேட்கவில்லை.

கருமாதிக்குப் போகிற வழியில், பொன்னமராவதியில் பஸ் மாறும்போது பின்பக்கம் போய்ப் பார்த்தேன். உரக்கடை இல்லை. மாடியில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். சார் போய்ச் சேர்ந்துவிட்டார். மல்லிகா சிங்கப்பூரில் பேரன் எடுத்துவிட்டாள், இப்போதும் எனக்குத் தைலம் அனுப்புகிறாள்.

அத்தை இறந்த தகவல் எனக்கு வந்து சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். அப்பா மட்டும் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கொண்டுபோய்த் தங்கைமேல் போர்த்திவிட்டு யாரிடமும் பேசாமல் திரும்பியிருந்தார். கருமாதியன்று அப்படித் திரும்ப முடியாது. காரியம் முடிந்ததும் மொட்டையடித்த மகன் தலையில் தாய்மாமன் உருமா கட்ட வேண்டும், புதுத் துண்டை எடுத்துத் தலைப்பாகையாக. தாய்மாமன் கட்டாத தலையோடு அவன் ஊருக்குள் நடந்தால் கேவலம். ஆனால் தாய்மாமன் கையை ஒடித்தவனும் அவன்தானே. அவன் உட்காருவானா, அப்பா கட்டுவாரா, மறுபடி ஓடு உடையுமா என்று முற்றத்தில் நின்ற அத்தனை பேர் முகத்திலும் எழுதியிருந்தது. எங்கள் சித்தப்பா மகன்கள் சும்மா வருகிறமாதிரி வந்து பந்தல் கால் ஓரம் நின்றார்கள். அந்தப் பக்கமும் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றேன். என் கை மூடியிருந்தது, நடுவிரல் முட்டி வெளியே.

ரெங்கராசு வளைகுடாவில் உழைத்து வயதாகி வந்திருந்தான். குனிந்து மனையில் உட்கார்ந்தான். அன்று காலையில் மழித்த தலை வெயிலில் பளபளத்தது. உச்சியில் வெள்ளையாக ஒரு தழும்பு, அரிசி அளவு. அத்தனை வருடம் முடிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அப்பாவும் அதைப் பார்த்தார். கோணிக்கொண்டு நிற்கும் சுண்டு விரலோடு துண்டை விரித்துச் சுற்ற ஆரம்பித்தார். அந்த விரல் மடங்காமல் முதல் சுற்று நழுவிற்று. யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"இறுக்கிக் கட்டுங்க மாமா. அவுந்துரப் போவுது" என்றான் ரெங்கராசு.

அப்பா இறுக்கினார். துண்டின் நுனியைச் செருகிக்கொடுக்க ரெங்கராசு கையைத் தூக்கினான். பக்கத்தில் நின்ற அவன் மனைவியின் தலை சட்டென்று பின்னால் போயிற்று. ஒரு விரற்கடைதான். வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தழும்புக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வைக்க வேண்டும் போலிருந்தது.

உருமா முடிந்து எழுந்தவன் நேராக என்னிடம் வந்தான். பந்தல் கால் பக்கம் ஆட்கள் அசைந்தார்கள். என் முகத்தை அவன் பார்க்கவில்லை. மூடியிருந்த கையைப் பார்த்தான்.

"ஆத்தா கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அவ கையில மோதரம் கெடக்கான்னு."

"கெடக்கு" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். இலை போட ஆரம்பித்தார்கள். நான் அங்கேயே நின்றேன். இந்த முறையும் பதில் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஒரு பஸ் ஏறி வந்து விரலை நீட்டிக் காட்டியிருந்தால் போதும். கேட்டவர் இல்லை.